முன் சீட்டில் ஒரு உப்பு மூட்டை

வாங்க சார், வாங்க. கயாக் பாக்கத்தான வந்திய? காலைல போன்ல பேசுனது நீங்கதான? மதுரைலருந்து மாத்தலாகி வந்திருக்கேன், பேங்க்குல வேலைன்னு சொன்னிய. உக்காருங்க. அந்த ஐஸ் பெட்டி மேலயே உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. பத்தொம்பது வருஷம் ஆளு உக்காந்த பெட்டிதான் அது.

என் பேரு லாசர். தூத்துக்குடி துறைமுகத்துல கிரேன் ஓட்டுனேன், இருபத்தெட்டு வருஷம். ரிட்டயர் ஆகி நாலு வருஷமாச்சு. இது வீட்டுக்குப் பின்னால நானே போட்ட ஷெட்டு. அங்க கெடக்கது என் போட்டு, பதினேழு அடி பைபர் போட்டு, இன்ஜின் வச்சது. இந்தப் பக்கம் ஆரஞ்சு கலர்ல செவுத்துல சாஞ்சு நிக்குல்லா, அதான் கயாக்கு. வாங்கி மூணு மாசங்கூட ஆகல. மொத்தமே ஏழு தடவதான் தண்ணியில எறங்கியிருக்கு. இல்ல, எட்டு. எட்டாவத விட்டுருவோம்.

உங்களுக்கு எதுக்கு சார் கயாக்கு? மீனும் புடிக்கணும், தொப்பையும் கொறையணுமா? டாக்டர் சொல்லிட்டாரா? எல்லாம் இந்த டாக்டர்மாரு பண்ணுத வேல. ஒரு ஊர்ல ரெண்டு பேரு ஒழுங்கா இருந்தா அவங்களுக்குப் பொறுக்காது.

வாங்குததுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கிடுங்க. நான் ரெண்டையும் வச்சிருக்கவன். எனக்கு எவன் மேலயும் வருத்தமோ கோவமோ கெடையாது. நடுநிலையாத்தான் சொல்லுவேன்.

போட்டுன்னா என்ன? எந்திரிச்சு நிக்கலாம். கைகால நீட்டலாம். ஐஸ் பெட்டி, சோத்துப் பாத்திரம், குடை, எல்லாம் வைக்கலாம். காத்து மாறுச்சா, இன்ஜினத் தட்டுனா கரைக்கு வந்துரலாம். முக்கியமா ரெண்டு பேரு போலாம். பேசிக்கிட்டே போலாம். கயாக்குன்னா என்ன? ஒத்தையாளு. காலு நீட்டுன வாக்குலயே இருக்கணும், மடக்க முடியாது. அலை அடிச்சா நேரா மடியில வந்து விழும், வீட்டுக்கு வாரதுக்குள்ள பின்னாலயெல்லாம் ஊறிப்போயிரும். ஒரு மீனு கொஞ்சம் பெருசா மாட்டுச்சுன்னா நீங்க மீன இழுக்கியளா மீன் உங்கள இழுக்கான்னே தெரியாது. யாரு கூடயும் ஒரு வார்த்த பேச முடியாது. அவனவன் அவனவன் டப்பாவுல உக்காந்து துடுப்பப் போட்டுக்கிட்டுப் போறதெல்லாம் ஒரு போக்கா சார்?

சரி, நல்லதையும் சொல்லணும்லா. சத்தம் கெடையாது. முழங்கால் அளவு தண்ணி இருந்தாப் போதும், ஓடைக்குள்ள அலையாத்திச் செடிக்கு அடியில வரைக்கும் நொழஞ்சிரும். கொடுவா மீனு அங்கனதான் பதுங்கிக் கெடக்கும். இன்ஜின் சத்தம் கேட்டா அதுக ஓடிரும். பெறகு தேகப்பயிற்சி. துடுப்பக் கையால போடக்கூடாதாம், இடுப்பத் திருப்பிப் போடணுமாம். இடுப்பு திரும்பத் திரும்ப வயித்துச் சதை கரையுமாம். ஒரு மணி நேரம் போட்டா நாலு மைல் ஓடுனதுக்குச் சமமாம். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கியளா? ஒருத்தன் கோயில் வாசல்ல நின்னு ஊரு பூரா கேக்கச் சொல்லிக்கிட்டு இருந்தான். காதுல விழுந்துச்சு.

அவன் பேரு இஞ்ஞாசி. இந்தத் தெருக் கடைசி வீடு. ஸ்பின்னிங் மில்லுல பிட்டரா இருந்தவன். பத்தொம்பது வருஷம், சனிக்கிழமை தவறாம, காலைல அஞ்சு மணிக்கு நானும் அவனும் என் போட்டுல போவோம். போட்டுக்கு முன்தலய நாங்க அணியம்னு சொல்லுவோம். அங்க அவன். பின்தலைல இன்ஜினப் புடிச்சுக்கிட்டு நான். நீங்க உக்காந்திருக்க ஐஸ் பெட்டி அணியத்துலதான் கெடக்கும். அவன் அதுல உக்காந்து தண்ணியப் பாப்பான். பாறை வந்தா எடது கையத் தூக்குவான், மீனு தெரிஞ்சா வலது கை. வாயத் தொறக்க மாட்டான். அவன் கையத் தூக்க முன்னால எனக்குத் தெரிஞ்சிரும், அவன் முதுகப் பாத்தாப் போதும்.

ஏழு மணிக்கு நங்கூரம் போட்டதும் பிளாஸ்க்கத் தொறப்பான். சுக்குக் காப்பி. அவனே காய்ச்சுவான், கருப்பட்டி போட்டு. பிளாஸ்க்கு மூடியில ஊத்தி மொதல்ல எனக்கு. நான் குடிச்சிட்டுக் குடுத்தா அதே மூடியில அவனுக்கு. இன்னொரு தம்ளரு கொண்டுவரலாம்லான்னு ஒரு நாளும் ரெண்டு பேருக்கும் தோணல.

எங்க கரையில ஒரு வழக்கம் உண்டு. உங்க மதுரைல இருக்காது. அடுத்தவன் போட்டுல ஏறி மீன் புடிக்கவன், அன்னைக்கு அவன் தூண்டில்ல விழுத மொத மீன போட்டுக்காரன் வீட்டுல குடுக்கணும். சின்னதோ பெருசோ, மொத மீனு. போட்டுக்காரன் கேட்டு வாங்க மாட்டான், அவனே கொண்டுவந்து வீட்டுப் பொம்பளை கையில குடுக்கணும். குடுக்க வரைக்கும் அவன் அந்தப் போட்டு ஆளு. வேற போட்டுக்கு மாறிட்டான்னா மீனு நின்னுரும். யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கிடுதது கெடையாது. மீனு நின்னா ஆளு போயிட்டான், அவ்வளவுதான். இஞ்ஞாசி பத்தொம்பது வருஷத்துல ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்ல. ஒரு தடவ ஒத்த மடவைதான் மொத்தமே விழுந்துச்சு, அதையும் என் வீட்டுக்காரி ஜெசிந்தா கையில குடுத்துட்டு வெறுங்கையோட போனான்.

அப்படி இருந்தவனுக்கு போன வருஷம் சுகர் வந்துச்சு. கூடவே மாடி ஏறுனா மூச்சு வாங்குது. டாக்டரு உடம்பக் கொறை, தெனமும் உடற்பயிற்சி பண்ணுன்னு சொல்லிட்டாரு. அதுலருந்து ஆளு ஒரு மாதிரி ஆயிட்டான். ஒரு நாளு போட்டுல கேக்கான்: “லாசரு, இன்ஜினக் கழத்தி வச்சிட்டு ரெண்டு பேரும் துடுப்பு போட்டுப் போவமா? உனக்கும் நல்லதுதானலே”ன்னு. நான் சிரிச்சிட்டேன். இன்ஜின் இருக்கையில எவனாவது துடுப்பு போடுவானா? “உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா”ன்னேன். அடுத்த வாரமும் கேட்டான். அதுக்கு அடுத்த வாரமும் கேட்டான். மூணு தடவயும் சிரிச்சேன். அதுக்கப்புறம் அவன் கேக்கல. அதெல்லாம் இப்ப கதைக்கு முக்கியமில்ல, சும்மா ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்.

கிறிஸ்துமஸ் முடிஞ்சு நாலாம் நாளு, மஸ்கட்டுல இருக்க அவன் மவன் லீவுல வந்தவன் அப்பனுக்கு ஒரு கயாக்கு வாங்கிக் குடுத்துட்டுப் போயிட்டான். பச்சைக் கலரு. ஒத்தையாளு கயாக்கு. என்கிட்ட வந்து காட்டுதான், “எப்படி இருக்கு லாசரு?”ன்னு. “பிள்ளைகளக் குளிப்பாட்டுத தொட்டி மாதிரி இருக்கு”ன்னேன். தமாசுக்குத்தான் சொன்னேன். அவன் சிரிக்கல.

அந்த சனிக்கிழமை அஞ்சு மணிக்கு நான் போட்டுக்கிட்ட நிக்கேன். வரல. அஞ்சரை வரைக்கும் நின்னேன். பெறகு கழிமுகத்துப் பக்கம் பாத்தா, பச்சையா ஒண்ணு ஓடைக்குள்ள போவுது. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணுமா இல்லியா? சொன்னேன்னு அவன் சொல்லுதான். “காலைல மட்டும் தனியாப் போறேன், டாக்டர் சொல்லியிருக்காரு”ன்னு சொன்னானாம். காலைலன்னா சனிக்கிழமை காலைலயுமா? அத யாரு நெனைப்பா?

ரெண்டு மாசம் சார். ரெண்டே மாசம். ஒம்பது கிலோ எறங்கிட்டான். கோயில்ல பூசைக்கு முன் வரிசைல நிக்கான், சட்டை தொளதொளன்னு ஆடுது. பெல்ட்டுல ஆணியால புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கான், நான் எண்ணிப் பாத்தேன். என் பெல்ட்டுல கடைசி ஓட்டைக்கு அங்கிட்டு எடமே கெடையாது. பூசை முடிஞ்சு வாசல்ல கூட்டம். “அண்ணே எப்படிக் கொறைச்சிய, மாமா என்ன சாப்பிடுதிய”ன்னு. இவன் இடுப்பத் திருப்பிக் காட்டுதான், கோயில் வாசல்ல நின்னு, அறுபது வயசுல. வீட்டுக்கு வந்தா ஜெசிந்தா சொல்லுதா: “இஞ்ஞாசி அண்ணன் முகத்துல ஒரு களை வந்திருக்கு பாத்தியளா?” நான் நாப்பது வருஷமா இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவ எதிர்ல உக்காந்திருக்கேன், ஒரு நாளு களைன்னு சொன்னதில்ல.

எனக்கு வயிறு எரிஞ்சுது சார். ஒளிக்க என்ன இருக்கு. ஆனா அது பொறாமை இல்ல. தவக்காலத்துல பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன், சாமியாரு கேட்டாரு, யாரு மேலயாவது பொறாமை உண்டாப்பான்னு. எனக்கு எதுக்கு சாமி பொறாமை, என்கிட்ட பதினேழு அடி போட்டு இருக்குன்னேன். அவரு பத்து மந்திரம் கூடச் சொல்லச் சொல்லிட்டாரு. எதுக்குன்னு தெரியல.

மீனு விசயத்துக்கு வாரேன். கயாக்குல போன மொத சனிக்கிழமையே பத்து மணிக்கு முன்வாசல்ல வந்து நிக்கான், கையில ஒரு கொடுவாயோட. ரெண்டு கிலோ இருக்கும். நான் ஜன்னல் வழியாப் பாக்கேன். ஜெசிந்தா கையில குடுத்துட்டு, “லாசரு இல்லியா?”ன்னு கேக்கான். இல்லன்னு சொல்லச் சொல்லிட்டேன். அவன் என் போட்டுலயே ஏறல, பெறகு என்ன மொத மீனு? அவ்வளவும் பீத்தல் சார். பாருலே, நீ இன்ஜின் போட்டு வெரட்டுத மீன நான் சத்தமில்லாமப் புடிக்கேன் பாருன்னு காட்டுததுக்கு வாரான். அடுத்த சனிக்கிழமையும் வந்தான். மூணாவது சனிக்கிழமை வந்தப்ப நான் உள்ள இருந்தே சத்தமாச் சொன்னேன், “கயாக்குல புடிச்ச மீனு இந்த வீட்டு அடுப்புல வேகக்கூடாது”ன்னு. அவன் காதுல விழணும்னுதான் சொன்னேன். விழுந்திருக்கும்.

அதோட முன்வாசலுக்கு வாரது நின்னுபோச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. அப்பாடான்னுதான் இருந்துச்சு, ஆனா ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. ஜெசிந்தாதான் பாவம், அந்த வாரத்துலருந்து நல்ல மீனாப் பாத்து வாங்கி ஆக்கிப் போடுதா. புதுசா ஒரு மீன்காரன் பொறவாசல் வழியா வாரானாம், சனிக்கிழமை மட்டும். அவன்கிட்ட கூடை, தராசு ஒண்ணும் கெடையாதாம், ஒத்த மீன்தான் கொண்டு வருவானாம். ஆனா எப்படி மீனுங்கிய. கண்ணு பளபளன்னு, செவுளு செக்கச்செவேல்னு. மார்க்கெட்டுல கெடைக்காது. இஞ்ஞாசியும் அவன் கயாக்கும்னு நெனச்சுக்கிட்டே ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டுருவேன். நான் சனிக்கிழமை காலைல போட்டுல போயிருததால அந்த மீன்காரன இன்னும் கண்ணால பாக்கல. பாத்தா ஒரு நன்றி சொல்லணும்.

இதுக்கு நடுவுல நான் ஒண்ணும் சும்மா இல்ல. நானும் தனியாப் போனேன். போட்ட எடுத்துக்கிட்டு தற்செயலா அந்த ஓடைப் பக்கம் போவேன். இன்ஜினக் கொஞ்சம் ரேஸ் பண்ணிப் பாப்பேன், சவம் அடைச்சிருந்துச்சுன்னா தெரியணும்லா. ஓடைக்குள்ள அவன் தூண்டில் போட்டு உக்காந்திருப்பான். மீனு கலையத்தான் செய்யும். நான் என்ன செய்ய, கடலு எல்லாருக்கும் பொதுதான? அவன் திரும்பிப் பாத்துட்டு கையத் தூக்குவான். எடது கை. பாறை இருக்குன்னு. அந்த எடத்துல பாறை இருக்கது எனக்குத் தெரியாதாக்கும்.

பெறகுதான் அந்தப் பல் டாக்டரு வந்து சேந்தாரு. பொன்னரசுன்னு பேரு, ஆளு சின்ன வயசு, நீலக் கலர்ல ஒரு கயாக்கு. கோயில் வாசல் கூட்டத்தப் பாத்துட்டு வந்து ஒட்டிக்கிட்டாரு. பச்சையும் நீலமும் சோடி போட்டுக்கிட்டுப் போவுது. ஒரு சனிக்கிழமை ஏழு மணி இருக்கும், நான் முந்நூறு மீட்டர் தள்ளி நிக்கேன். கிரேன் மேல இருபத்தெட்டு வருஷம் உக்காந்து பாத்த கண்ணு சார், முந்நூறு மீட்டரெல்லாம் எனக்குப் பக்கம். ரெண்டு கயாக்கையும் ஒட்டி நிறுத்தியிருக்காங்க. இஞ்ஞாசி பிளாஸ்க்க எடுக்கான். மூடியத் தொறக்கான். மூடியில ஊத்தி அந்த டாக்டருகிட்ட நீட்டுதான்.

மொதல்ல அவருக்கு. பெறகு அதே மூடியில அவன்.

அன்னைக்கு நான் தூண்டிலே போடல. நங்கூரத்த எடுத்துட்டு நேரா வீட்டுக்கு வந்து, மவளுக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டர்ல கயாக்கு பாரு, எனக்கு உடனே வேணும்னேன். அவ கேட்டா, “ஒத்தை சீட்டாப்பா, ரெட்டை சீட்டாப்பா?”

பாத்துட்டிய. ஆமா, ரெண்டு சீட்டுதான். அது ஏன்னா, நீளமா இருந்தாத்தான் தண்ணியில ஆடாம நிக்கும். வேற ஒரு காரணமும் கெடையாது. என்ன சார் அப்படிப் பாக்கிய?

வந்த பெறகுதான் தெரியுது, ரெட்டை சீட்டுக் கயாக்குல பின்னால ஒத்தையாளு உக்காந்தா முன்தலை மேல தூக்கிக்கிடும். நானும் கொஞ்சம் கனமான ஆளுதான. காத்தடிச்சா தூக்குன முன்தலைல புடிச்சு அப்படியே திருப்பிருது. முன்னால எடை வேணும். மணல் மூட்டை வைக்கலாம். ஆனா எங்க ஊர்ல மணலத் தேடித்தான் போவணும், உப்பு வாசல்லயே கெடக்கும். பக்கத்துல உப்பளத்துல சொல்லி ஒரு அம்பது கிலோ மூட்டைய வாங்கி முன் சீட்டுல உக்கார வச்சேன். விழுந்துராம ஒரு கயித்தையும் போட்டு இடுப்புல கட்டுனேன். மூட்டைக்கு ஏது இடுப்புங்கிய, சரி, நடுவுல கட்டுனேன். பின் சீட்டுலருந்து பாத்தா முன்னால ஒரு ஆளு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்க மாதிரியே இருக்கும். நல்லாத்தான் இருந்துச்சு.

உப்பு கரையும்னு எனக்குத் தெரியாதான்னு கேப்பிய. உப்பு வெளையுத ஊருல பொறந்தவனுக்கு அது தெரியாமலா. ஆனா கயாக்குல சீட்டுக்கு அடியில தண்ணி வடிய ஓட்டை இருக்குன்னு நான் என்னத்தக் கண்டேன். கனம் கூடுனா அதே ஓட்டை வழியா தண்ணி மேல வருமாம். மொத ஏழு தடவயும் கரை ஓரமா அரை மணி நேரம் சுத்திட்டு வந்தேன், ஒண்ணும் தெரியல. எட்டாவது தடவ, குருத்தோலை ஞாயித்துக்கு முந்துன சனிக்கிழமை, ஒரே முடிவா அவங்க ரெண்டு பேரும் போற எடத்துக்கே போனேன். நானும் வருவேன், எனக்கும் இடுப்பு திரும்பும்னு காட்டணும்லா. ரெண்டு மணி நேரம் துடுப்பு போட்டேன் சார். மூட்டை பாட்டுக்கு அடியில கரைஞ்சுகிட்டே இருந்திருக்கு. முன்தலை கொஞ்சங்கொஞ்சமாத் தூக்குது, எனக்குத் தெரியல. என் கண்ணு பூராம் பச்சைலயும் நீலத்துலயும் இருக்கு.

ஓடை வாய்க்கிட்ட போகையில தண்ணி வத்துத நேரம். உள்ள இருக்க தண்ணி அம்புட்டும் கடலுக்கு இழுத்துக்கிட்டு ஓடுது. காத்து முன்தலைல புடிச்சு கயாக்கக் குறுக்கத் திருப்பிருச்சு. சரி, நங்கூரத்தப் போட்டு நிப்பாட்டுவோம்னு நெனச்சேன். என் போட்டு நங்கூரந்தான், அதத்தான் கொண்டு போயிருந்தேன். பத்தொம்பது வருஷம் போட்டுல எப்படிப் போடுவேனோ அப்படியே, கயித்தப் பக்கத்துக் கைப்புடில கட்டி, பக்கவாட்டுல தூக்கி வீசுனேன். போட்டுன்னா நிக்கும். இது தொட்டி. நங்கூரம் தரையக் கவ்வுன அடுத்த நிமிசம், ஒரு பக்கத்தக் கயிறு கீழ இழுக்குது, இன்னொரு பக்கத்தத் தண்ணி மேல தள்ளுது. கவுந்துபோச்சு. கயாக்குல நங்கூரத்த முனையிலதான் கட்டணுமாம், பக்கத்துல கட்டவே கூடாதாம். நீங்க வேற எங்க வாங்குனாலும் இத மட்டும் மறந்துராதிய. மிதவை ஜாக்கெட்டும் போடுங்க. நான் போடல. கடக்கரையில பொறந்தவனுக்கு எதுக்கு ஜாக்கெட்டுன்னு நெனச்சேன்.

நீச்சல் தெரியும் எனக்கு. ஆனா நங்கூரக் கயிறு கால்ல சுத்திக்கிடுச்சு. தலை மேல வருது, உள்ள போவுது. கத்துனேனா இல்லியான்னு ஞாபகம் இல்ல. என்ன கத்துனேன்னு பெறகு அந்தப் பல் டாக்டரு ஊரு பூராம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. இஞ்ஞாசி, இஞ்ஞாசின்னு கத்துனேனாம். எனக்கு ஞாபகம் இல்ல சார்.

பச்சை வந்து பக்கத்துல நின்னுச்சு. எர வெட்டுத கத்தியால கயித்த அறுத்தான். கயாக்குல ஏற வச்சுப் பாத்தான், என்னால முடியல, வயிறு தடுக்குது. நாலு தடவ முயற்சி பண்ணுனேன். கடைசில அவன் கயாக்கு பின்முனையப் புடிச்சுக்கிடச் சொன்னான். புடிச்சேன். அவ்வளவு இழுவைல, என்னையும் இழுத்துக்கிட்டு, கரை வரைக்கும் துடுப்பு போட்டான். அறுநூறு மீட்டர் இருக்கும். நான் தண்ணிக்குள்ள இருந்து அவன் முதுகப் பாத்துக்கிட்டே வந்தேன். இடுப்புலருந்துதான் திரும்புதான் சார். கைய வச்சு இழுக்கவே இல்ல. நெசமாவே நல்லாப் போடுதான்.

ஏசியிருந்தாக்கூடப் பரவால்ல. கரையில போட்டுட்டு, டாக்டரு இழுத்துட்டு வந்த என் கயாக்கப் பாத்தான். முன் சீட்டுல மூட்டை இன்னும் கட்டுனபடி இருக்கு, பாதியாச் சுருங்கி. தொட்டுப் பாத்தான். வெரல நாக்குல வச்சுப் பாத்தான். “உப்பாலே?”ன்னான். ஆமான்னேன். “எதுக்கு?” எடைக்குன்னேன். “எத்தன கிலோ வச்ச?” அம்பதுன்னேன். “நான் எழுவத்தெட்டுல்லா இருந்தேன், அம்பது எப்படிப் பத்தும்”னான். டாக்டரு அதக் கேட்டுச் சிரிச்சாரு. இஞ்ஞாசி திரும்பி ஒரு பார்வ பாத்தான், அவரு நிறுத்திட்டாரு. பெறகு கயித்த அவுத்து மூட்டையக் கரையில எறக்கி வச்சிட்டு அவன் பாட்டுக்குப் போயிட்டான்.

எழுவத்தெட்ட எதுக்கு அங்க கொண்டு வந்தான், சொல்லுங்க? எடை கொறைச்சிட்டேன்னு அங்கயும் காட்டணும் அவனுக்கு. அன்னைக்கு ராத்திரியே மவகிட்டச் சொல்லி விளம்பரம் போடச் சொல்லிட்டேன். மூணு வாரம் ஆச்சு, அவன் மொகத்துல முழிக்கல. போட்டையும் எடுக்கல, சனிக்கிழமையானா முன் ரூம்ல ஃபேனுக்கு அடியில படுத்துக் கெடக்கேன். இன்னைக்கு நீங்க வாரேன்னதாலதான் இந்தப் பக்கமே வந்தேன்.

சரி, அத விடுங்க. கயாக்கத் தூக்கிப் பாக்கியளா? அந்தக் கைப்புடியப் புடிங்க. நான் இந்தப் பக்கம்.

இருங்க சார். பொறவாசல் கதவு சத்தம் கேக்கு. மீன்காரனாத்தான் இருக்கும், இன்னைக்கு சனிக்கிழமைல்லா. மணியும் பத்தாச்சு. ஜெசிந்தா, ஏ ஜெசிந்தா, உன் மீன்காரன் வந்துட்டான். பாத்திரம் எடுத்துட்டு வா. இருங்க, நானே போயி ஆளப் பாத்துட்டு வாரேன், நல்ல மீனாக் குடுக்கவனுக்கு ஒரு நன்றி சொல்ல வேணாமா.

ஏலே.

நீயாலே?

ஜெசிந்தா, நீ உள்ள போவாத, அங்கனயே நில்லு. எத்தன நாளா இது நடக்கு? முன்வாசல்ல நிப்பாட்டுன மறுவாரத்துலருந்தா? அப்ப நான் சாப்பிட்ட அவ்வளவும் இவன் புடிச்சதா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியாட்டி? நான் இவனத் திட்டிக்கிட்டே ரெண்டு தட்டு சாப்பிடுவேனே, சிரிச்சுக்கிட்டேல்லா பரிமாறுன.

நீ எதுக்குலே வாசல்லயே நிக்க. முழங்கால் வரைக்கும் சேறு, அப்படியே வந்திருக்க. என்னது? சத்தமாச் சொல்லு. மொத மீனு போட்டுக்காரன் வீட்டுக்குத்தானங்கியா? நீ எங்கலே என் போட்டுல வந்த, நாலு மாசமா? ம்? என்ன சொல்லுத?

கேட்டியளா சார் இவன் பேச்ச. உன் போட்டுலருந்து எறங்குனேன்னு உன்கிட்ட எப்பலே சொன்னேன்னு கேக்கான்.

எனக்குக் கண்ணுல ஒண்ணுமில்ல சார், இந்த ஷெட்டுக்குள்ள பைபர் தூசி. இஞ்ஞாசி, இது பேங்க் சாரு, மதுரைலருந்து வந்திருக்காரு, கயாக் பாக்க. ஆமா, அந்த ரெட்டை சீட்டுதான். விக்கலாம்னுதான் இருந்தேன். ஏன், நீ என்ன அதையே பாக்க? முன் சீட்டு எறக்கி வைக்கணுமாக்கும்? உன் காலு நீளத்துக்கு எறக்கிக்கிடலாம், ரெண்டு திருகாணிதான. ஆனா ஒண்ணு, பின் சீட்டு எனக்கு. நங்கூரத்த நீயே போடு.

அந்த டாக்டருக்கு? அவருக்கு ஒரு தம்ளரு வாங்கிக் குடுத்துரு. மூடியில வேண்டாம்.

சார், நீங்க கோச்சுக்கிடாதிய. இவ்வளவு தூரம் வெயில்ல வந்திருக்கிய. சாப்பிட்டுட்டுத்தான் போவணும், மீன் இருக்கு. கயாக்கு மட்டும் கேக்காதிய. இல்ல இல்ல, இவனுக்காக ஒண்ணும் சொல்லல. அது ரெட்டை சீட்டு, உங்களுக்குத் தோதுப்படாது, தனியாப் போனா ஆடும். உங்களுக்கு நல்லதா ஒத்தை சீட்டுல ஒண்ணு நானே பாத்துத் தாரேன்.

இஞ்ஞாசி, பிளாஸ்க்குல மிச்சம் இருக்கா? அப்ப உள்ள வந்து உக்காரு.

சார், நீங்க கொஞ்சம் எந்திரிச்சு அந்த நாக்காலில உக்காருங்க. ஐஸ் பெட்டி அவன் எடம்.